மருதாசலம் வில்லை வளைத்தால் ஊர் ஆடும்

வேட்டைக்குத் தடை என்ற ஒன்று இன்னும் மலையேறி வந்து சேராத காலத்தில், குந்தாணியூரில் மருதாசலம் என்று ஒரு வில்லாளி இருந்தான். நூறடி தள்ளி மண்சுவரில் ஒட்டிவைத்த சாந்துப் பொட்டைச் சுவர் நோகாமல் பெயர்த்தெடுப்பான், உச்சிக் கிளையில் தொங்கும் பலாப்பழத்தைக் காம்பில் அடித்து, கீழே சாக்கை விரித்துப் பிடித்திருக்கும் நாலு பேருக்கும் சரிநடுவில் விழவைப்பான், சுற்றுவட்டாரத்து ஏழு ஊர்களிலும் அவனைப் போல அம்பு விட ஆள் கிடையாது என்று அந்த ஏழு ஊர்க்காரர்களே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மானைக் கண்டால் அவனுக்குக் கை நடுங்கும். பலாப்பழம் திரும்பிப் பார்ப்பதில்லை, மான் பார்க்கிறது, வேறொன்றுமில்லை என்று பெண்டாட்டி பூவாத்தாளிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தான். கூட்டமாக வேட்டைக்குப் போகிற நாட்களில், முன்னால் நிற்பவர்கள் அடிப்பதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒரு புதருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வான். ஊர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு கார்த்திகை மாதம் அவரைக்காட்டுக்குள் கடமான் ஒன்று வந்தது. எருமைக்கடா உயரம் இருந்தது, பட்டுப்போன மரம் ஒன்றை வேரோடு பிடுங்கித் தலையில் நட்டுவைத்தது போலக் கொம்பு இருந்தது, பயந்து பதுங்கி வருகிற வழக்கமெல்லாம் அதற்கு இல்லை, பொழுது விடிந்து எல்லாரும் எழுந்து பார்க்கிற நேரத்தில் நிதானமாக நடந்து வந்து, பிஞ்சை விட்டுவிட்டு முற்றின காயாகப் பார்த்துத் தின்றுவிட்டு, வந்த வழியே போகும். தப்பட்டை அடித்தால் அடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு மறுபடியும் தின்னும். அதனால் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். துப்பாக்கி வெடித்தால் மலைமேல் இருக்கும் அம்மனுக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் அந்த ஊரில் வில் மட்டும்தான். அந்த அவரைதான் தை பிறந்தால் ஆடி வரைக்கும் ஊருக்குச் சாப்பாடு. ஒரு வாரத்தில் அவரைக்காட்டின் மேலைப்பக்கம் மொட்டையானதும் மணியகாரர் அர்த்தனாரி, தலைப்பாகையைச் சரியாகக் கட்டிக்கொண்டு, ஊரையும் கூட்டிக்கொண்டு மருதாசலத்தின் வாசலுக்கு வந்து நின்றார்.

"இது உன்ற வேலையப்பா மருதாசலா. நாளைக்குக் காலைல பரண்ல ஏறிரு" என்றார்.

அத்தனை பேருக்கு முன்னால் ஒதுங்குவதற்கு அங்கே புதர் எதுவும் இல்லாததால், மருதாசலம் சரி என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் பனி விலகுகிற நேரத்தில் துரை வந்தது. பரணுக்கு முப்பதடியில் நின்று, ஊரில் யாரையும் மதித்துப் பார்க்காத அது, தலையை உயர்த்தி மருதாசலத்தைப் பார்த்தது. அவன் வில்லை வளைத்தான். முதலில் விரல் நடுங்கியது, விரலிலிருந்து முழங்கைக்கு ஏறியது, தோளைத் தாண்டி நெஞ்சுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடுப்பு வழியாக முழங்காலுக்கு இறங்கியது. அதுவரைக்கும் எந்த மனிதனுக்கும் நடக்கக்கூடியதுதான், ஆனால் மருதாசலத்தின் நடுக்கம் முழங்காலோடு நிற்காமல் உள்ளங்கால் வழியாகப் பரணுக்குள் இறங்கி, பரண்கால் வழியாக மண்ணுக்குள் போய், வரப்பு வரப்பாக நடந்து ஊருக்குள் நுழைந்தது. அடுக்குப்பானைகள் அடுக்கில் இருந்தபடியே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. பூசாரி இன்னும் பல் விளக்கிக்கொண்டிருக்கையிலேயே கோயில் மணி அடித்தது. களத்தில் அடுக்கியிருந்த ராகிக் கதிரெல்லாம் அடிக்காமல் மிதிக்காமல் தானாக உதிர்ந்து குவிந்தது, நெல்லிமரங்கள் மடியை அவிழ்த்தது போலக் காயைக் கொட்டின, நாலு எருமை வைத்து ஊருக்கே மோர் ஊற்றுகிற சுப்பாயாள் மத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது தயிர்ப்பானையில் வெண்ணெய் திரண்டு மிதந்துகொண்டிருந்தது. அம்பு நாணிலிருந்து நழுவிப் பரணுக்கு அடியில் விழுந்தது. தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடும்போது கண்ணை மூடிக்கொள்வோமே, அப்படிக் கண்ணை மூடி நின்றிருந்த துரை, ஆட்டம் அடங்கியதும் உதிர்ந்த நெல்லிக்காயைத் தின்றது, பிறகு அவரையைத் தின்றது, பிறகு போனது.

மருதாசலம் பரணைவிட்டு இறங்கி, ஏசுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். யாரும் ஏசவில்லை. நில நடுக்கமா என்று ஒருவர் கேட்டார், இல்லை, மருதாசலத்தின் நடுக்கம் என்று இன்னொருவர் சொன்னார், அப்படியா என்று கேட்டவர் ராகியை அள்ளப் போய்விட்டார். சுப்பாயாள் மட்டும் ஆமணக்கு இலையில் எலுமிச்சையளவு வெண்ணெயை வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இரண்டு கையிலும் விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும், மத்துக் கயிற்றை இழுக்கிற ஒவ்வொரு காலையும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

"நாளைக்கும் இதே நேரந்தானா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஊர் அந்த நடுக்கத்தைச் சுற்றித் தன் வேலைகளை ஒழுங்குபண்ணிக்கொண்டது. முந்தின சாயங்காலமே தப்பட்டை அடித்து, நாளைக் காலை மருதாசலம் வில்லை வளைப்பான், தயிர்ப்பானையை மூடிவைக்கிறவர்கள் மூடிவையுங்கள், எண்ணெய்ச் சாடியைக் கீழே இறக்குகிறவர்கள் இறக்குங்கள் என்று சொல்லிவிடுவார்கள். பல் ஆடுகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் பரணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், இடுப்புப் பிடிப்புக்காரர்கள் குப்புறப் படுத்துக்கொண்டார்கள், அடிவாரத்து ஊர்க்காரர்கள் நிலக்கடலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கி, காலையில் பருப்பு வேறு தொலி வேறாகக் கட்டிக்கொண்டு போனார்கள், மணி அடிக்கிற வேலை இல்லாமல் போன பூசாரி கொஞ்சநாள் கோபமாக இருந்துவிட்டு, பிறகு அந்த நேரத்தில் இன்னும் சிறிது தூங்கலாம் என்று கண்டுகொண்டார். ஆறு மாதமாகப் பேசாமல் இருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும், ஒரே பானையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், பானையைப் பற்றி முதலில் பேசி, பிறகு மற்றதையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். துரையும் நேரம் தவறாமல் வந்தது. மருதாசலத்தைப் பார்க்கும், அவன் வில்லை வளைப்பான், ஊர் ஆடும், அது கண்ணை மூடிக்கொள்ளும். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டு பரணுக்குப் போகாமல் இருந்தபோது, அவரையில் வாய் வைக்காமல் வெகுநேரம் பரணையே பார்த்துக்கொண்டு நின்றது என்றார்கள்.

ஊருக்கு இது பழகிவிட்டது, மருதாசலத்துக்குப் பழகவில்லை. தன் பயத்தை நாலு பேர் பாராட்டுவது, அதற்குக் கூலியாக வெண்ணெய் கொடுப்பது, நேற்றைவிட இன்றைக்கு நன்றாக நடுங்கினாய் என்று முதுகில் தட்டுவது எல்லாம் அவனைத் தின்றது. தூக்கம் போய்விட்டது. வெண்ணெய் தொண்டையில் இறங்கவில்லை. அவரைக்காட்டில் பாதி மொட்டையாகிவிட்டது, வெண்ணெயை நக்கிக்கொண்டு ஆடி வரைக்கும் இருக்க முடியாது என்று அவன் சொன்னபோது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு பார்க்க முடியாதபடி குந்தாணிப் பாறை நகர ஆரம்பித்தது. ஊருக்கு நேர் மேலே, ஒரு தடித்த பொம்பிளை சம்மணம் போட்டு உட்கார்ந்தது போல இருக்கிற பாறை அது, ஊருக்குப் பெயரே அதனால்தான். எறும்பு மட்டும் நுழையக்கூடிய அதன் பின்னிடுக்கில் ஒருநாள் ஆடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருப்பதை மணியகாரர் பார்த்தார். அவருடைய மாட்டுக்கொட்டகைதான் பாறைக்கு நேர் கீழே இருந்தது. அன்றைக்கே ஊரைக் கூட்டி, துரையை விட்டால் அவரை போகும், மருதாசலம் நடுங்கினால் பாறை வரும், ஆகவே மருதாசலம் நடுங்காமல் துரையை அடிக்க வேண்டும் என்று சொல்லி, மிகவும் சுலபமான காரியத்தைச் சொல்லிவிட்டவரைப் போல உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பூவாத்தாள் அவனை எதிரே உட்காரவைத்துக் கேட்டாள். அவள் ஊரில் முள் எடுக்கிறவள். காலில் கருவேல முள்ளோ இலந்தை முள்ளோ ஏறிக்கொண்டால் எல்லாரும் அவளிடம்தான் நொண்டிக்கொண்டு வருவார்கள்.

"ஏனுங்க, அது வந்து நின்னா மொதல்ல எதைப் பாக்கறீங்க?"

"கொம்பை."

"நாம என்ன கொம்பையா திங்கப் போறோம்?"

 முன்னங்காலுக்குப் பின்னால், அக்குளுக்கு ஒரு சாண் மேலே ஒற்றை முடி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மானைப் பார்க்காதீர்கள், அந்த முடியைப் பாருங்கள் என்றாள். ஒரு முடியைக் கண்டு நடுங்குகிற ஆம்பளையைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்றும் சொன்னாள். பிறகு மூச்சைப் பற்றிச் சொன்னாள். முள்ளை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறவனுக்குத்தான் வலிக்கும், மூச்சை விடச் சொல்லி, அவன் விட்டுக்கொண்டிருக்கையிலேயே ஊசியைப் போட்டால் முள் வந்ததே தெரியாது. மூக்கில் இழுங்கள், வயிற்றில் வையுங்கள், நாலு எண்ணிக்கொண்டு வாய் வழியே விடுங்கள், விட்டு முடிகிற இடத்தில் ஒரு சும்மா இருக்கிற நேரம் வரும், அப்போது விரல் தானாகப் பிரியட்டும், நீங்கள் பிரிக்க வேண்டாம் என்றாள்.

சொன்னதோடு நிற்காமல், மறுநாள் மத்தியானம் இரண்டு காய்ந்த கொம்புகளைத் தலையில் கட்டிக்கொண்டு, சேலையை வரிந்து, நாலு காலில் அவரைக்காட்டுக்குள் போய் நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அம்பில்லாத வில்லை வளைத்தான். மத்தியான வேளையில் தப்பட்டையும் அடிக்காமல் ஊர் ஆடியதில் மூன்று எண்ணெய்ச் சாடிகள் கவிழ்ந்தன, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த கவளம் மூக்குக்குப் போனது. ஆனால் மூன்றாம் நாள் அவள் எதிரே நின்றபோது பானைகள் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டன. பெண்டாட்டி பழகிப்போய்விட்டாள், வேறு ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் ஊரே முறைவைத்து மானாகியது. பூசாரி வந்து மானாக நின்றார், பல் விழுந்த பிள்ளைகள் கூட்டமாக வந்து புள்ளிமானாக நின்றார்கள், மணியகாரர் அர்த்தனாரி வில்லில் அம்பு இல்லை என்று மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டு, தலைப்பாகைமேல் கொம்பைக் கட்டிக்கொண்டு, முற்றின காயாகப் பார்த்து மென்றபடி அவனை ஒரு பார்வை பார்த்தார். துரையைவிட அவர் பார்வை துரையாக இருந்ததால் மருதாசலத்துக்கு விரல் நடுங்கியது, அவருடைய கொம்புகளும் கடகடவென்று ஆடின. அவன் மூச்சை இழுத்தான், வயிற்றில் வைத்தான், மணியகாரரின் மீசையில் ஒற்றை நரைமுடியைப் பிடித்துக்கொண்டு நாலு எண்ணி விட்டான். கொம்பு நின்றது. மணியகாரர் எழுந்து நின்று, தான் இன்னும் கொஞ்சநேரம் மேய்ந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சுப்பாயாள் மட்டும் மானாக வரமாட்டேன் என்றாள். கடைசி நாள் சாயங்காலம் வரப்போரமாக வந்து, கொம்பும் கட்டாமல், நின்ற இடத்திலேயே நின்று, ஏழு ஊரும் நாளைக்குப் பார்க்க வருகிறது, கை வழுக்கினால் உன்ற பேர் போய்விடும், பாறை வந்தால் ஊரும் போய்விடும், சரி, எனக்கென்ன, என்று சாவகாசமாகச் சொன்னாள். வில்லை வளைத்து நின்ற மருதாசலத்துக்கு ஒற்றை முடியும் நினைவில் நிற்கவில்லை. ஊர் ஆடியது, பாறை ஒருமுறை முனகியது, சுப்பாயாள் வீட்டுக்குப் போய்ப் பானையைத் திறந்து வெண்ணெயை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பாறை விழுந்தால் வீட்டுக்குள் இருப்பதைவிட வெளியே இருப்பது மேல் என்று மொத்த ஊரும், கேள்விப்பட்டு வந்த அடிவாரத்துக்காரர்களும், ஆடு மாட்டோடு அவரைக்காட்டின் வரப்பில் பரணுக்குப் பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துரை வந்தது. இத்தனை பேரைக் கண்டும் அது நடையை மாற்றவில்லை. முப்பதடியில் நின்று மருதாசலத்தைப் பார்த்தது, பிறகு வழக்கமான ஆட்டத்துக்குத் தயாராகக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.

மருதாசலம் கொம்பைப் பார்க்கவில்லை. அது காயைக் கடிக்கத் தலையைக் குனிந்த நேரத்தில் வில்லை வளைத்தான், மூக்கில் இழுத்தான், வயிற்றில் வைத்தான். விரல் கிடந்த இடத்தில் கிடந்தது. முழங்கால் நின்ற இடத்தில் நின்றது. ஆனாலும் பரண் ஆடியது. அவரைக்கொடி ஆடியது, தூரத்தில் கோயில் மணி அடித்தது, பாறையிலிருந்து பொடிமண் சரிந்து மணியகாரரின் கொட்டகை மேல் சலசலவென்று கொட்டியது, தன்னிடமிருந்து இல்லாமல் இது எங்கிருந்து வருகிறது என்று மருதாசலத்துக்கு ஒரு கணம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. நடுங்கியது ஊர். இத்தனை நாளும் அவனுக்குப் பயத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் எல்லாரும், அவன் நடுங்காமல் நிற்பதைப் பார்த்ததும், ஒவ்வொருவராகத் தாங்களே நடுங்கத் தொடங்கி, துரை வந்த நேரத்திலிருந்து பிடித்த மூச்சை விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பாயாள் வீங்கின விரல்களைக் கோத்து அக்குளில் செருகியிருந்தாள், அவள் உட்கார்ந்த வரப்பு மற்ற எல்லா வரப்பையும்விட அதிகமாக ஆடியது.

அவன் திரும்பவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னான்.

"எல்லாரும் மூச்ச விடுங்க."

விட்டார்கள். ஏழு ஊருக்கும் பெயர்போன பூண்டுத் துவையலும், புகையிலையும், புளித்த ராகிக் கூழும், மருந்துக்கஷாயமும் கலந்த ஒரே பெருமூச்சு, அவரைக்கொடியையெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, காட்டின் குறுக்கே மெதுவாகப் போய்த் துரையின் முகத்தில் மோதியது. எத்தனை தப்பட்டைக்கும் அசையாத அது, அந்த வாடை பொறுக்காமல் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. மண் அடங்கியது. முன்னங்காலுக்குப் பின்னால், அக்குளுக்கு ஒரு சாண் மேலே, நுனி வெளுத்த ஒரு முடி, மற்ற முடிகளோடு சேராமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. மூச்சு விட்டு முடிகிற இடத்தில் அந்தச் சும்மா இருக்கிற நேரம் வந்தது. விரல் பிரிந்தது.

துரை நாலு அடி நடந்தது, எதையோ மறந்துவைத்துவிட்டு வந்தது போல நின்றது, முன்னங்காலை மடித்தது, படுத்தது.  பாறை வந்த தூரத்திலேயே மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பின்னிடுக்கு ஆட்டுக்கு என்றே ஆகிவிட்டது.

மருதாசலம் இறங்கிப் போய் அதன் நெற்றியில் கை வைத்தான், கண்ணை மூடிவிட்டான், இத்தனை நாளும் தன்னை நேருக்கு நேர் பார்த்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டான். சித்தநேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று பரண்காலில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான், ஒரு மாதத் தூக்கமும் ஒன்றாக வந்ததில் உலுக்கினாலும் எழவில்லை. மானை ஒரு கம்பில் கட்டி நாலு பேரும், அவனை ஒரு தூளியில் போட்டு நாலு பேரும் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து, எதிரே வந்த வெளியூர்க்காரர் ஒருவர், எது எதை அடித்தது என்று மரியாதையாக விசாரித்தாராம். ஊர் கறி ஆக்கியது, சாப்பிட்டது, அடிவாரத்துக்காரர்களுக்கும் கொடுத்தது. இனிமேல் தயிரை யார் கடைவது என்று சுப்பாயாள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது, வெண்ணெய் தின்றவர்கள் எல்லாரும் முறைவைத்து மத்துக் கயிறு இழுப்பது என்று முடிவாகி, மணியகாரர் முதல் முறையைத் தானே எடுத்துக்கொண்டு, பாதி மோரைத் தன் வேட்டியிலேயே கடைந்தார்.

மருதாசலம் கண் விழித்தபோது சாயங்கால வெயில் வாசலில் இருந்தது, ஊர் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டது, சட்டியில் எலும்பு கூட மிச்சமில்லை. பூவாத்தாள் எழுந்துபோய், மணியகாரர் இரண்டு முறை தேடிவந்தும் கண்ணில் படாமல் கோழிக்கூடைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த ஈரலை எடுத்து, மிளகு போட்டு வதக்கி, அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த நேரத்துல உங்களுக்குப் பயமாவே இல்லீங்களா?"

அவன் மென்றதை விழுங்கிவிட்டு யோசித்தான்.

"இருந்துது பூவா. என்னைக்கும் இருந்த அளவுக்கு இருந்துது. என்கூடவே பரண்ல வந்து ஒக்காந்துச்சு. சித்த நவுந்து எடம் குடுத்துட்டேன்."

 அவள் அவனையும் சித்த நகரச் சொல்லி, பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.